சும்மா கிடைத்த அறை

மேய்கெங் போக்கர் ஆடிப் பிழைப்பவள். ஹாங்காங்கை அடுத்த மக்காவ் ஊரில் கடலைத் தூர்த்து எழுப்பிய புதுக்கரையில் இருந்த ஒரு பெரிய சூதாட்ட விடுதிதான் அவள் வேலைக்குப் போகும் இடம். காலையில் பஸ் ஏறிப் போவாள், இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவாள். ஆபீசுக்குப் போகிறவர்களைப் போலவே டப்பாவில் சோறும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் கொண்டுபோவாள். விடுதியில் எது கொடுத்தாலும் வாங்கமாட்டாள். மேஜைக்கே வந்து நீட்டும் பால் டீயைக்கூடப் புறங்கையால் தள்ளிவிடுவாள்.

உடன் ஆடும் ரொசாரியோவுக்கு இது தீராத வேடிக்கை. போர்த்துகீசிய ரத்தம் கலந்த உள்ளூர்க்காரன் அவன். தொந்தியும் சிரிப்புமாக இருப்பான். அதிக நேரம் ஆட ஆட விடுதி கொடுக்கும் அட்டையில் புள்ளி ஏறும். புள்ளியைக் கொடுத்தால் சாப்பாடு, குடை, மூன்கேக் இனிப்புப் பெட்டி, ஹாங்காங்குக்குப் படகு டிக்கெட் என்று எதுவும் வாங்கலாம். ஒன்றையும் விடமாட்டான்.

"ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல சேர்ற காசுலேர்ந்து விடுதிக்காரன் அவன் பங்கைக் கிள்ளி எடுக்கிறானா இல்லையா? அதுல ஒரு சொட்டு திருப்பித் தர்றான். உன் காசையே வேணாங்கிறியே, உன்னை மாதிரி ஒரு லூசை நான் பார்த்ததில்ல."

"எதுக்காகப் போடறான்னு தெரியாம ஒருத்தன் உன் முன்னாடி காசைத் தள்ளினா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் மேய்கெங்.

"சீட்டைக் கீழ வெச்சு மடங்கிடுவேன்."

"அதைத்தான் நானும் பண்றேன்."

"டீக்கு மடங்கற ஆளா நீ," என்று சொல்லிவிட்டு அவளுக்காக வைத்த டீயையும் அவனே எடுத்துக் குடித்தான்.

உண்மைக் காரணத்தை அவனிடம் அவள் சொன்னதில்லை. அந்தக் காரணம் அவள் அப்பா லோ செங்.

லோ செங் படகுத்துறையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். மேய்கெங் பள்ளிக்கூடம் போன நாட்களில் பக்கரா ஆட்டத்தில் விழுந்தார். அந்த ஆட்டத்தில் எதிராளி என்று யாருமில்லை, யோசிக்கவும் ஒன்றுமில்லை. விடுதியோடு மோத வேண்டும், இரண்டு சீட்டைத் திருப்ப வேண்டும், ஒன்பதுக்கு எது கிட்டேயோ அதற்கு ஜெயம், அவ்வளவுதான். சம்பளம் போயிற்று, கடலைப் பார்த்திருந்த வீடு போயிற்று. கடன் கேட்டு முன்பின் தெரியாத ஆட்கள் வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பகலெல்லாம் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். கதவுக்கு உள்பக்கம் மேய்கெங் மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பாள். அம்மா சீன எல்லைக்கு அந்தப் பக்கம் தன் அக்காள் வீட்டுக்குப் போனவள் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் அவர் ஆட்டத்தை நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. விடுதிகளைத் தாண்டிப் போகும் பஸ்ஸில்கூட ஏறமாட்டார். மகள் என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அது வேறு ஆட்டம், மனிதர்களோடு மூளையை வைத்து ஆடுவது என்று அவள் ஒருமுறை விளக்கியபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் மாலையில் அவள் கதவைத் திறந்ததும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். இன்றைக்கு என்ன ஆயிற்று என்று முகத்திலிருந்தே படித்துவிடுவார்.

அந்த ஆகஸ்டில் வந்த புயல் ஊரைப் புரட்டிப்போட்டது. கடல் தெருவுக்குள் ஏறி வந்தது. அப்பாவும் மகளும் குடியிருந்த வடக்குப் பேட்டையில் கடைகளெல்லாம் சேற்றில் மூழ்கின. கரண்டும் தண்ணீரும் நின்றுபோயின. அவர்கள் இருந்தது ஏழாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மேய்கெங் தெருமுனை லாரியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் லோ செங்கும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆஸ்துமாக்காரர். நாலாவது மாடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரை அவள் வந்து பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ கிழிவதைப் போலச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மருந்தை உறிஞ்சவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே அவள் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் போன் அடித்தது.

கூப்பிட்டது விக்கி ஃபோங். முக்கியமான விருந்தாளிகளைக் கவனித்துக்கொள்ள விடுதி வைத்திருந்த பெண். மேய்கெங்கின் வயதுதான் இருக்கும், குரலை உயர்த்தியே பேசமாட்டாள். பல வருஷமாகப் புள்ளி அட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லி வந்தவள், மேய்கெங் மறுத்தும் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

"உங்க பக்கம் தண்ணி ஏறிடுச்சாமே. இங்க எங்க சொந்த ஜெனரேட்டர் ஓடுது. ரூமெல்லாம் காலியாத்தான் கிடக்கு, வர வேண்டியவங்க யாரும் வரல. வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க. சும்மா கிடக்கிற ரூம்தானே."

வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி மேய்கெங்கின் மனசில் எழாமல் இல்லை. அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

லோ செங் மாட்டேன் என்றார். குழந்தை மாதிரி மாடிப்படிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். தங்குகிறவர்களுக்குத் தனி வாசல், தனி லிஃப்ட், ஆட்டம் நடக்கும் தளத்தில் காலே வைக்க வேண்டாம் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"மூச்சுத் திணறி நீங்க இந்தப் படியில கிடக்கிறதுதான் எனக்குப் பயம்," என்றாள். அவர் கைப்பிடியை விட்டார்.

அறை பெரியதாக, குளிர்ச்சியாக இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே சேறு கலந்த கடல். தட்டு நிறையப் பழம். லோ செங் குழாயைத் திறந்து, தண்ணீர் கொட்டுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விக்கி ஃபோங் வந்தாள். வந்ததும் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள். அவர் குடிக்கும் போலே என்ற சீனக் கறுப்புத் தேநீரை, அவருக்குப் பிடித்த அளவு திடமாக, அவளே கொண்டுவந்து வைத்தாள். பழைய எஞ்சின்களைப் பற்றி விசாரித்தாள். லோ செங் பேச ஆரம்பித்தார். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர் அன்றைக்கு நிறுத்தாமல் பேசினார். மேய்கெங் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவள் பழத்தட்டைத் தள்ளி வைத்தாள்.

அறை சும்மாதான், ஆனாலும் அவள் வழக்கம்போல் மேஜையில் உட்கார்ந்தால் நல்லது என்று விக்கி சிரித்தபடி சொல்லிவைத்திருந்தாள். புயலுக்குப் பயந்து ஆட்கள் வராததால் போக்கர் மேஜை களைகட்டவில்லை. மேய்கெங் போய் உட்கார்ந்தாள். சீட்டில் மனம் நிற்கவில்லை. ரொசாரியோ அவளைப் பார்த்துக் கண்ணடித்து, கடைசியில் நீயும் மனுஷியாகிவிட்டாய் என்றான்.

அடுத்த நாள் மதியம் அறைக்கு வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அப்பா ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் விடுதியின் படம் போட்ட தபால் அட்டை ஒன்று குப்புறக் கிடந்தது. இரண்டு கட்டைவிரலாலும் அதன் ஓரத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, தோலை உரிப்பதைப் போல மேலே வளைத்துக்கொண்டிருந்தார். தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. ஒற்றைக் கண்ணால் அட்டையின் அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கரா ஆடுகிறவர்கள் சீட்டைப் பிரிப்பது அப்படித்தான்.

அவள் தொண்டையைக் கனைத்தாள். அவர் அட்டையை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அன்று மாலையே அவர்கள் பேட்டைக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள். உடனே கிளம்பலாம் என்றாள் மேய்கெங். கரண்ட் நிலையாக நிற்கட்டும், என்ன அவசரம் என்றார் லோ செங். இன்னும் சில நாள் இருக்கலாம் என்று விக்கி சொல்லியிருக்கிறாளே என்றார். யார் கேட்டார்கள் அவளை என்றாள் மகள். நான்தான் கேட்டேன் என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். மேய்கெங் வாதாடவில்லை. நாளைக்கு மதியம் மூட்டை கட்டிவிட வேண்டும் என்று மட்டும் தீர்மானித்தாள். அந்த ஒரு பகலை ஏன் விட்டுவைத்தாள் என்று பிறகு எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அறைக்குத் திரும்பியபோது அவர் இல்லை. படுக்கை விரித்தபடி இருந்தது. தேநீர்க் கோப்பை ஆறிப்போயிருந்தது. மூச்சு மருந்துக் குழல் தலையணைமேல் கிடந்தது. அதில்லாமல் அவர் குளியலறைக்குக்கூடப் போனதில்லை.

அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு முதலில் காலைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். பிறகு நீச்சல்குளம், தோட்டம், பஸ் நிற்கும் வாசல். தேட வேண்டிய இடம் எது என்று கால்களுக்குத் தெரிந்திருந்தும் அவை வேறு பக்கமே போயின. விக்கிக்குப் போன் செய்தாள்.

"பெரியப்பா நல்லா இருக்காங்க. நீங்க கவலையே படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்."

"எங்க இருக்காரு?"

"சந்தோஷமா இருக்காங்க," என்றாள் விக்கி.

ஆட்டத் தளத்தை மேய்கெங் தினமும் கடந்துதான் போக்கர் அறைக்குப் போவாள். இத்தனை வருஷம் பக்கரா மேஜைகளைத் திரும்பிப் பார்க்காமலேயே நடந்து பழகியிருந்தாள். இன்று ஒவ்வொரு மேஜையாக நின்று பார்த்தாள். புயலுக்குப் பிறகு கூட்டம் திரும்பியிருந்தது. நரைத்த தலை தெரியும் இடமெல்லாம் ஓடினாள். திரும்பிய முகங்கள் எல்லாம் வேறு யாருடையவோ. எங்கேயாவது விழுந்து கிடந்தால் போதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. தன் அப்பா மூச்சடைத்து விழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று உணர்ந்தவள் வேகமாக அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள்.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

"ஊது, ஊது, ஊது."

பக்கரா மேஜையில் வேண்டாத புள்ளியைச் சீட்டிலிருந்து ஊதித் தள்ளச் சொல்லிக் கத்துவது வழக்கம். கத்தியது ஆஸ்துமாக்காரனின் குரல் இல்லை. அவள் சிறுமியாக இருந்தபோது படகுத்துறையில் எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்கும் குரல். உள்ளே, திரை போட்ட சிறிய அறையில், லோ செங் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் சிவந்திருந்தது. பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். எதிரே பந்தயச் சில்லுகள் அடுக்கடுக்காக இருந்தன. பின்னால் விக்கி ஃபோங் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள்.

"கெங், வா வா. உட்காரு," என்றார். "நல்ல நேரத்துல வந்த."

சில்லு ஏது என்று மேய்கெங் விக்கியைக் கேட்டாள். அறையில் தங்குகிறவர்களுக்கு வரவேற்பாகக் கொஞ்சம் சில்லு கொடுப்பது வழக்கம் என்றாள் விக்கி. பணமாக மாற்ற முடியாது, ஆடித்தான் தீர்க்க முடியும். எல்லாம் இந்த அறையோடு உங்கள் பெயரில் திறந்த கணக்கில் உள்ள புள்ளிதான், பெரியப்பா ஒரு பைசா கையிலிருந்து போடவில்லை, அதிலிருந்தே இவ்வளவு ஜெயித்திருக்கிறார் என்றாள். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்."

"போலாம். அந்தப் பழைய வீடு மாதிரி ஒண்ணு, கடலைப் பார்த்து. உனக்கு வாங்கித் தந்துட்டுப் போலாம்."

அவர் தோளைத் தொட்டாள். துணிக்குள் உடம்பு கொதித்தது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். சீட்டு வந்தது. முதல் சீட்டு ராஜா, மதிப்பில்லாதது. இரண்டாவதை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ பிரி. உன் கை ராசியான கை."

ஒரேயடியாகத் திருப்பிப் போட்டுவிட்டு அவரை எழுப்பிவிடலாம் என்றுதான் சீட்டைத் தொட்டாள். ஆனால் கட்டைவிரல்கள் தாமாகவே ஓரத்தைப் பிடித்து வளைத்தன. பக்கவாட்டில் நாலு புள்ளி தெரிந்தது. ஒன்பதாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம். ஒன்பதென்றால் ஜெயம், பத்தென்றால் ஒன்றுமில்லை. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஊது ஊது என்றார்கள். அவள் இன்னும் கொஞ்சம் வளைத்தாள். காதில் ஒரு சத்தமும் விழவில்லை. அப்பா இல்லை, வீடு இல்லை, பயம்கூட இல்லை. அந்தப் புள்ளி மட்டும்தான். தன் உதடு குவிந்திருப்பதும் தான் ஊதிக்கொண்டிருப்பதும் அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது. மேஜையே கை தட்டியது. லோ செங் அவள் முதுகில் ஓங்கித் தட்டினார். அப்படித் தட்டி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

மேய்கெங் சீட்டைக் கீழே வைத்தாள். மனிதர்களைப் படிப்பவள், மூளையை வைத்து ஆடுபவள் என்று தன்னைப் பற்றி நினைத்துவைத்திருந்த எதுவும் அந்த நிமிஷத்தில் அவளிடம் இருக்கவில்லை. இன்னொரு சீட்டு வரும், அதையும் பிரிக்கலாம் என்று உள்ளே ஒன்று காத்திருந்தது. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தடுமாறியதில் மேஜை ஓரத்துக் கோப்பை உருண்டு உடைந்தது. சீட்டு போடும் பெண் கையை நிறுத்தினாள்.

"அப்பா, எனக்கு இன்னொரு சீட்டு வேணும்போல இருக்கு," என்றாள் மெதுவாக. "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

லோ செங் அவள் முகத்தைப் பார்த்தார். மாலை நேரங்களில் கதவருகே பார்ப்பாரே, அதே பார்வை. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் கன்னத்திலிருந்து வடிந்தது. நெஞ்சுக்குள் பழைய சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவள் பையிலிருந்து குழலை எடுத்துக் கொடுத்தாள். உறிஞ்சினார். சில்லுகளை அப்படியே விட்டுவிட்டு, மேஜையைப் பிடித்து எழுந்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில் சுட்டது. சேற்று நாற்றம் வீசியது. இந்த ஊரில் ஒரு வழி உண்டு. என்னை எந்த விடுதிக்குள்ளும் விடாதே என்று அரசாங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அதிகபட்சம் இரண்டு வருஷம்வரை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். அதைச் செய்யலாம் என்றாள் மேய்கெங்.

"நீயும் எழுதிக் குடுக்கிறதா இருந்தா," என்றார் லோ செங்.

"என் பொழைப்பே அதுதானேப்பா."

"இத்தனை வருஷமா நான் உள்ள போகலைன்னா நினைச்ச? தினமும் காலையில நீ பஸ் ஏறுவ. நானும் கூடவேதான் ஏறுவேன், வீட்ல உட்கார்ந்துட்டே. சாயங்காலம் உன் மூஞ்சியைப் பார்த்து ஜெயிச்சேன், தோத்தேன். நீ உள்ள இருக்கிற வரைக்கும் நான் எங்கம்மா வெளிய இருக்கிறது?"

பஸ் வந்து நின்றது, போயிற்று. அவர்கள் ஏறவில்லை. மாடிப்படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்த நாட்களைப் போலவே மேய்கெங் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

சாமான் வாங்க விடுதிக்குப் போனபோது விக்கி ஃபோங் அதை வாசலுக்கே கொண்டுவந்தாள். செய்தி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. கோபமோ ஏமாற்றமோ கொஞ்சமும் இல்லை. பாதாம் பிஸ்கட் பெட்டி ஒன்றை நீட்டினாள். மேய்கெங் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம்தானே, ஓடிடும்," என்றாள் விக்கி அன்பாக. "உங்க ரூம் உங்களுக்கு எப்பவும் இருக்கும்."

அந்தச் சொல்லை மேய்கெங் வெகுநாள் தூக்கத்தில் கேட்டாள்.

ரொசாரியோவின் மச்சான் ஒருவன் மூலமாக அவளுக்குச் சரக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. வருமானம் பாதியாயிற்று. ரொசாரியோ எப்போதாவது வழியில் பார்த்தால் நின்று பேசுவான். அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. விடுதிச் சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தான். ஆசைக்கு மடங்காதவனுக்கு டீ வெறும் டீதான் என்றான். இருக்கலாம் என்றாள் மேய்கெங். தான் எந்த ரகம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

தடைக்காலம் முடியும் வாரத்தில் லோ செங்தான் பேச்சை எடுத்தார். சோற்றுக் கிண்ணத்தை ஏந்தியபடி, ஒரு நாள் லீவு போடேன், போய்ப் புதுப்பித்துவிட்டு வந்துவிடலாம் என்றார். போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், இந்தத் தடவை எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டாள். ஆறு மாசம்கூடப் போடலாம், விருப்பம்தான் என்றாள்.

மேய்கெங் கண்ணாடியிலிருந்து திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"எவ்வளவு அதிகமாப் போட முடியுமோ அவ்வளவு போடும்மா," என்றார் லோ செங் கண்ணாடியைப் பார்த்து.

சரி என்று தலையை ஆட்டினாள் மேய்கெங். அவர் ஆறு மாசம் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த ஒரு நொடியில் தான் ஆசைப்பட்டதை அப்பா பார்த்துவிட்டாரோ என்று பயந்து, சட்டென்று குனிந்து பேனாவைத் தேடினாள். அவர் தன்னுடையதை எடுத்து அவள் கையில் வைத்து, அவள் எழுதி முடிக்கும்வரை முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.